எண்ணெயும் நீரும்

முன்னுரை

தமிழ் பயிலும் மாணவர் மோட்டார் சைக்கிள் யந்திரத்தைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என அன்பர் சிலர் ஐயுறலாம். எம்மை இவ்வாராய்ச்சிக்கு அழைத்தது ‘எண்ணெய்’ என்னும் சொல்லே. எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. பின்னர் அச்சொல் தன் எல்லை கடந்து தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், மண்ணெண்ணெய் என விரிந்து, இன்று யந்திரத்தினுள் ஓடும் நெய்ப்பொருளுக்கும் பெயராய் நிற்கின்றது. பெயர் ஒன்றானாற்போலப் பகையும் ஒன்றேயாம். அடுக்களையிலாயினும் யந்திரத்திலாயினும் எண்ணெய்க்குப் பகை நீர். அந்நீர் யந்திரத்துள் எவ்வாறு புகுகின்றது, புகுந்து என் செய்கின்றது, அதனை அகற்றும் வகை யாது என்பனவற்றை ஈண்டு முறையே ஆராய்வாம்.

கொங்கு நாட்டார்க்கு யந்திரம் புதிதன்று. கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893இற் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உழைத்துச் சேர்த்த பொருளால் அதனையே விலைக்கு வாங்கி, பிரித்தும் பூட்டியும் அதன் நுட்பத்தைத் தாமே கற்றனர் என்பது இந்நாட்டார் பலரும் அறிந்த வரலாறு. 1920இற் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய அப்பெரியாரின் ஊரில் வாழும் நாம், நாடோறும் ஏறிச் செல்லும் வண்டியின் உள்ளியல்பை அறியாதிருத்தல் அழகன்று.

பழைய தோற்றமுடைய மோட்டார் சைக்கிள்களுள் நம் நாட்டில் முதற்கண் நினைவுக்கு வருவது புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனத்தார் செய்த இவ்வண்டி, 1955ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னைக்கும் உரியதாயிற்று. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டளவில் அத்தொழில் மறைந்தும், சென்னையில் மறையாது வளர்ந்தது. பழைய வார்ப்பிரும்பு யந்திரத்தின் இடத்தில், 2009இல் வெளிவந்த கிளாசிக் என்னும் வண்டியோடு யந்திரமும் கியர் பெட்டியும் ஒன்றாயமைந்த புதிய வகை பரவியது. 2021இல் அதுவும் மாறி மற்றொரு புதிய யந்திரம் வந்தது. இம்மூவகையும் இன்று நம் சாலைகளில் ஒருங்கே ஓடுகின்றன. மூன்றும் காற்றாற் குளிர்வன. இது பின்னர் வேண்டப்படும் செய்தியாதலின் நினைவிற் கொள்க.

இவ்வண்டியுடையார் ஒருநாட் காலை ஆயில் மூடியைத் திருகித் திறக்கின்றனர். மூடியின் உட்புறத்தே வெண்ணெய் போன்றதொரு பொருள் படிந்திருக்கின்றது. அதனைக் கண்டதும் யந்திரமே பழுதாயிற்றென்று திடுக்கிடுகின்றனர். எம் நண்பர் ஒருவர்க்கு இவ்வாண்டு நேர்ந்ததும் இதுவே. அவருடைய வண்டி, காலஞ்சென்ற தந்தையார் விட்டுச் சென்ற புல்லட். அவர் அறைக்கும் கல்லூரிக்கும் இடையே தொலைவு இரண்டு கிலோமீட்டர். ஒர்க்‌ஷாப் ஒன்றில் யந்திரம் முழுவதையும் பிரிக்க வேண்டும் என்றனர். அதற்கு அவர்கள் கூறிய தொகையோ அவருடைய ஓராண்டுக் கல்விக் கட்டணத்தை ஒட்டியிருந்தது. தந்தையின் வண்டியை விற்பதா, படிப்பிற்குரிய பொருளைச் செலவிடுவதா என அவர் வருந்தி நின்றார். இத்தகைய இடர் பிறர்க்கும் நேரக்கூடியதாகலின் இப்பொருளை எழுதத் துணிந்தோம்.

நீர் வரும் வழி

மூடியிற் கண்ட வெண்பொருள் எண்ணெயும் நீரும் கடைந்து கலந்த கலவையே. அந்நீர் மழையிலிருந்து வந்தது என்றே பலரும் எண்ணுவர். மழையும் ஒரு காரணமாகலாம். ஆயினும் பெரும்பான்மையும் அந்நீர் பெட்ரோலிலிருந்தே பிறக்கின்றது. நெருப்பிலிருந்து நீர் பிறக்குமோ எனின், பிறக்கும். பெட்ரோல் கரியும் ஹைட்ரஜனும் கூடிய பொருள். எரியுங்கால் கரி காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடிக் கரியமில வாயுவாகின்றது. ஹைட்ரஜன் அதே ஆக்ஸிஜனோடு கூடி நீராவியாகின்றது. கணக்கிட்டுப் பார்ப்பின், ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1.4 கிலோ நீர் உண்டாகும். பெட்ரோல் நீரினும் இலேசானதாகலின், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் என்று கொள்ளலாம். மார்கழிக் காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் புகைக்குழாயின் முனையிற் சொட்டும் நீர் இதற்குச் சான்று.

இந்நீராவியிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். ஆனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள், எத்துணை நேர்த்தியாகப் பொருந்தினும், எரிந்த வாயுவைச் சிறிதும் கசியவிடாமல் தடுப்பனவல்ல. ஒவ்வொரு வெடிப்பிலும் சிறிதளவு வாயு அவற்றைக் கடந்து கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்குகின்றது. அதனுடன் நீராவியும் இறங்குகின்றது. அங்கே குளிர்ந்த இரும்பைக் கண்டால், குளிர்ந்த செம்பின் புறத்தே பனித்துளி அரும்புவதுபோல நீராகி அரும்புகின்றது.

நம் ஊரோ வெப்பமுடையது, இங்கே இரும்பு குளிர்ந்திருப்பது எங்ஙனம் எனின், கூறுதும். எரிந்த வாயுவிலுள்ள நீராவி ஏறத்தாழ சென்டிகிரேட் 50 பாகைக்குக் கீழே நீராகத் தொடங்கும். சித்திரை நண்பகலிற் கோயம்புத்தூரின் காற்று 35 பாகையை ஒட்டியும் கடந்தும் சுடினும், நிழலில் நின்ற யந்திரம் 50 பாகையை எட்டுவதில்லை. ஆகவே நமக்கு வெப்பமாகத் தோன்றும் இரும்பு நீராவிக்குக் குளிர்ந்ததேயாம். உதகையிலோ கூறவேண்டியதேயில்லை. கடல் மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டருக்கும் உயர்ந்த அவ்வூரில், இரவெல்லாம் பனியில் நின்ற வண்டியைக் காலையிற் கிளப்பி, கடைவீதிவரை சென்று திரும்புவோர்க்கு இந்நோய் மிக எளிதில் வரும்.

வேறு வாயில்களும் உள. வண்டி நின்று ஆறும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று ஈரம் சுமந்து வரும் ஆனி, ஆடி மாதங்களிற் பொள்ளாச்சிப் பக்கத்தில் இவ்வகையாற் சிறிது நீர் சேரும். வாட்டர் வாஷ் செய்வோர் விசையோடு பீய்ச்சும் நீர், ஆயில் மூடியின் வாய்வழியாகவும் பிரீதர் குழாயின் வழியாகவும் நுழைதல் கூடும். பெருமழையில் நம் நகரத்து ரெயில்வே பாலங்களின் அடியிலுள்ள சுரங்கப் பாதைகளில் நிரம்பும் வெள்ளத்துள் வண்டியைச் செலுத்துவோர்க்கு நேரும் கேடு எல்லாவற்றினும் கொடியது. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

நீர் தங்கும் காரணம்

நீர் எல்லா யந்திரத்துள்ளும் பிறக்குமாயின், எல்லா வண்டியும் கெடவேண்டுமன்றோ? கெடுவதில்லை. ஏனெனின், நீரைப் பிறப்பிக்கும் யந்திரமே அதனை விரட்டவும் வல்லது. இவ்வுண்மையை விளக்க நம் கொங்கு நாட்டு ஊத்துக்குளியை விடச் சிறந்த சான்று வேண்டா. வெண்ணெய்க்கும் நெய்க்கும் பேர்பெற்ற ஊர் அது. வெண்ணெய் என்பது நெய்யினுள் நீர் சிறு சிறு துளிகளாய்ச் செறிந்து நிற்கும் பொருள். அதனை அடுப்பிலேற்றினால் முதலில் உருகும். பின் சடசடவென்று ஒலிக்கும். அவ்வொலி நீர் ஆவியாகி வெளியேறும் ஒலி. ஒலி அடங்கியவழி நீர் அற்றது, நெய் பதமாயிற்று என்று தாய்மார் அறிவர். உருகிய அளவில் அடுப்பை அணைப்பாரேல், அது வெண்ணெயுமாகாது நெய்யுமாகாது விரைவிற் கெட்டுப்போம்.

யந்திரத்திலும் இதுவே நிகழ்கின்றது. சுழலும் கிராங்கும் பற்சக்கரங்களும் மத்துப்போல நின்று எண்ணெயையும் நீரையும் கடைகின்றன. எண்ணெய் 80, 90 பாகை வெப்பம் எய்தி, அந்நிலையில் நெடுநேரம் நின்றால், நீர் மெல்ல ஆவியாகிப் பிரீதர் குழாய் வழியே வெளியேறிவிடும். அதற்கு இடைவிடாத ஓட்டம் அரைமணிக்குக் குறையாமல் வேண்டும். இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தினால், சிலிண்டரின் தலை தொடமுடியாதபடி சுடினும், அடியிலுள்ள எண்ணெய் வெதுவெதுப்பாகவே இருக்கும். அன்று பிறந்த நீர் அன்று வெளியேறாது. மறுநாளும் சிறிது சேரும். இவ்வாறு நாள்தோறும் சேர்ந்த சிறுதுளியே ஒரு மாதத்தில் வெண்ணெயாய்த் திரண்டு மூடியிற் காட்சி தருகின்றது.

பழைய புல்லட்டில் இக்குறை இன்னும் எளிதில் தோன்றும். அதில் எண்ணெய்த் தொட்டி கிராங்க் கேஸோடு ஒரே வார்ப்பாய், சிலிண்டரின் சூட்டுக்குச் சிறிது அகன்று நிற்பதால், எண்ணெய் சூடேறத் தாமதிக்கும். மேலும் ஒற்றைச் சிலிண்டர் யந்திரமாதலின், பிஸ்டன் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் 346 கன சென்டிமீட்டர் அளவான காற்றைக் கீழ்நோக்கித் தள்ளும். அக்காற்று வெளியேறுதற்கே பிரீதர் அமைந்தது. பல பழைய வண்டிகளில் அதன் முனையில் வாத்தின் அலகு போன்ற ரப்பர்த் துண்டு ஒன்று உண்டு. அது காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. ஆண்டுகள் கழிய அந்த ரப்பர் காய்ந்து வாய் பிளந்து நின்றால், வெளியேறிய ஈரமே மீண்டும் உள்ளே புகும்.

நீரால் விளையும் தீமை

எண்ணெயின் தொழில் இரும்பும் இரும்பும் உராயாதபடி இடையே மெல்லிய திரையாய் நிற்றல். நீர் கலந்த எண்ணெய் அத்திரையின் வலியை இழக்கும். பாரம் மிக்க பேரிங்குகளில் நீர்த்துளி அகப்பட்டவிடத்துத் திரை கிழியும். இஃது ஒன்று. வண்டி நிற்கும் நாட்களில் நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். இஃது இரண்டு. எரிந்த வாயுவிலுள்ள புளிப்புப் பொருள்கள் நீரிற் கரைந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். இது மூன்று. எண்ணெயோடு கலந்து விற்கப்படும் காப்புப் பொருள்களை நீர் பிரித்துக் கெடுப்பதால், எண்ணெய் தன் காலத்திற்கு முன்னரே மூப்படைந்து சேறாகித் துளைகளை அடைக்கும். இது நான்கு. 2009க்குப் பின் வந்த வண்டிகளில் யந்திரம், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயிற் குளிப்பதால், ஒன்றிற் புகுந்த நீர் மூன்றையும் தாக்கும்.

அறியும் வகை

மருத்துவர் நாடி பார்த்தபின்னரே மருந்து கூறுவர். யந்திரத்திற்கும் அம்முறையே தக்கது.

முதலாவது, மூடியை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறற்க. மூடி யந்திரத்தின் சூட்டுக்குத் தொலைவில் நிற்பது. ஆவி முதலிற் குளிர்வது அங்கேதான். ஆகவே மூடியிற் சிறிது வெண்மை காண்பது பெருநோயின் குறியன்று. எண்ணெயின் நிறமே உண்மை கூறும். புதிய வண்டிகளிற் பக்கத்தேயுள்ள கண்ணாடிச் சாளரத்தின் வழியாகவும், பழைய வண்டிகளில் அளவுகோலின் வழியாகவும் அதனைக் காண்க. எண்ணெய் பொன்னிறமாகவோ கருநிறமாகவோ தெளிந்திருந்தால் அச்சமில்லை. பால்விட்ட காப்பிபோல் முழுதும் கலங்கியிருந்தால் நீர் மிகுந்துவிட்டது. வண்டி நின்ற அளவிற் காணப்படும் நுரை காற்றினால் ஆனது. ஒருமணி நேரத்தில் அடங்கும். நீரால் வந்த கலக்கம் எளிதில் அடங்காது.

இரண்டாவது, மூடியைத் துடைத்துவிட்டு நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்தல். எம் நண்பர்க்கு முதிய மெக்கானிக் ஒருவர் கூறிய அறிவுரை இதுவே. “தம்பி, பிரிக்கிறது இருக்கட்டும். பொள்ளாச்சி வரைக்கும் நிக்காமப் போயிட்டு வாங்க. அப்புறம் தொறந்து பாக்கலாம்” என்றார் அவர். எண்ணெய் அளவு குறைவின்றி இருத்தலையும், முழுதும் பாலாகாமையையும் பார்த்த பின்னரே அவ்வாறு கூறினார். போக 40 கிலோமீட்டர், வர 40 கிலோமீட்டர். திரும்பி வந்து, யந்திரம் ஆறியபின் திறந்தபோது மூடி தூய்மையாயிருந்தது. அடுத்த இரண்டு வாரமும் அவ்வாறே செய்து பார்த்ததில் வெண்மை மீளவில்லை. எண்ணெயை மட்டும் மாற்றினார், வண்டி விற்கப்படவில்லை.

மூன்றாவது, எண்ணெயிற் சிறிதெடுத்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஓரிரவு அசையாது வைத்தல். நீர் எண்ணெயினும் கனமுடையதாகலின் அடியில் இறங்கித் தனித்து நிற்கும். நான்காவது, சமையலுக்குப் பயன்படாத பழைய இரும்புக் கரண்டியை நன்றாகச் சுடவைத்து, அடுப்பிலிருந்து அகற்றி, வெட்டவெளியில், ஒரே துளி எண்ணெயை அதன்மேல் விடுதல். நீர் இருப்பின் சடசடவென்று வெடிக்கும். இல்லையேல் அமைதியாகப் பரவிப் புகையும். துளி தெறிக்குமாதலின் கண்ணைக் காத்துக்கொள்க.

இங்கே ஒரு வேறுபாடு கூறவேண்டும். 2018இல் மீண்டும் வந்த ஜாவா போன்ற வண்டிகள் பழைய தோற்றமுடையனவாயினும் நீராற் குளிர்வன. அவற்றில் எண்ணெய் பாலாகி, ரேடியேட்டரின் நீரும் குறைந்து வருமாயின், உள்ளே கேஸ்கட்டு முதலியன பழுதாகி அந்நீர் கசிகின்றதென ஐயுற வேண்டும். அதற்கு நெடும்பயணம் மருந்தாகாது. யந்திரத்தைத் திறந்தே ஆகவேண்டும். காற்றாற் குளிரும் புல்லட்டில் கசிவதற்கு அத்தகைய நீரே இல்லை. இவ்வொரு வேறுபாட்டை அறிந்தாலே வீண் செலவு பலவும் நீங்கும்.

தீர்க்கும் வகை

எண்ணெய் தெளிந்து, மூடியில் மட்டும் வெண்மை காணின் நெடிய ஓட்டமே போதும். எண்ணெய் முழுதும் பாலாயிருந்தால் அதனை ஓட்டி உலர்த்த முயலற்க. அந்த எண்ணெயோடு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பேரிங்குக்குக் கேடு. யந்திரத்தைச் சிறிது நேரம் மட்டும் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கி, அடியிலுள்ள டிரெயின் போல்ட்டுகள் அனைத்தையும் கழற்றி, முழுதும் வடியவிடுக. பழைய புல்லட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவாய்கள் உண்டாதலின் ஒன்றைத் திறந்து அமைதல் கூடாது. வலைச் சல்லடையைக் கழுவி, பில்டரைப் புதுப்பித்து, கைப்புத்தகத்திற் கூறிய தரத்து எண்ணெயை அளவாக ஊற்றுக. சூடேறும்படி ஓட்டி மீண்டும் பார்க்குங்கால் கலக்கம் எஞ்சியிருந்தால், அதனையும் வடித்து மறுமுறை மாற்றுக. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் வழக்கம் சிலரிடம் உண்டு. மூலைகளில் எஞ்சும் மண்ணெண்ணெய் புதிய எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யுமாதலின் அது வேண்டா.

வெள்ளத்துள் முழுகி நின்ற வண்டியை எக்காரணத்தாலும் உடனே கிளப்பற்க. காற்றைப்போல நீர் சுருங்காது. சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போது பிஸ்டன் மேலெழுந்தால், அதனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். முன்னர் நூறு ரூபாய் வேலையாய் முடிவது பின்னர் யந்திரத்தையே மாற்றும் வேலையாய் முடியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எண்ணெயை வடித்து, காற்று வடிகட்டியை நோக்கிய பின்னரே அடுத்ததை எண்ணுக.

காக்கும் வகை

நாடோறும் சிறுதூரமே செல்வோர், வாரத்திற்கு ஒருமுறையேனும் நிற்காமல் 40 கிலோமீட்டர் ஓட்டுதல் நலம். நம்மிற் பலர் வாரமெல்லாம் வண்டியை நிறுத்திவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்குச் சென்று திரும்ப மட்டும் எடுக்கின்றனர். அன்று சற்றே சுற்றி வருவது யந்திரத்திற்கு நன்மை. வண்டி நின்றே இருத்தல் தீதென்று கருதி, வாயிலிலே ஐந்து நிமிடம் கிளப்பி அணைப்பாரும் உளர். இஃது உதவியென்று எண்ணிச் செய்யும் தீமை. ஐந்து நிமிடத்தில் நீர் பிறக்கும். அதனை விரட்டும் சூடு பிறவாது. ஓட்ட இயலாதாயின் கிளப்பாமல் விடுதலே மேல்.

பிரீதர் குழாய் மடங்காமலும் அடையாமலும் இருக்கின்றதா என்று பார்க்க. அக்குழாயிலோ அதன் கீழுள்ள சிறு குடுவையிலோ வெண்பொருள் காணின் மட்டும் அஞ்ச வேண்டா. வெளியேறும் நீர் அங்கே தங்கியதென மகிழ்ந்து, துடைத்து விடுக. வண்டியைக் கழுவுவோரிடம் ஆயில் மூடியை நோக்கி நீரைப் பீய்ச்சாதிருக்கக் கூறுக. எண்ணெய் மாற்றுதலைக் கிலோமீட்டர்க் கணக்கால் மட்டுமன்றி மாதக் கணக்காலும் செய்க; குறைவாய் ஓடிய வண்டியின் எண்ணெய் குறைவாய்க் கெட்டதென்பது தவறு. 2025 முதல் நம் நாட்டிற் பரவலாய் விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதாகலின், நெடுநாள் நிற்கும் வண்டியின் டாங்க்கில் பழைய பெட்ரோலை மாதக்கணக்கிற் கிடக்க விடற்க. வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றின் அது முடிவில் நொய்யலைச் சேரும். மூடிய டப்பாவிற் சேர்த்து, பழைய எண்ணெயை முறையாகப் பெற்றுக்கொள்வோரிடம் கொடுத்தலே கற்றவர்க்கு அழகு.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், நீர் யந்திரத்திற்குப் புறத்திருந்து வந்த பகை மட்டுமன்று, அதன் நெருப்போடு உடன்பிறந்தது என்பதும், அதனை வெல்வது முழுச்சூடு, வளர்ப்பது அரைச்சூடு என்பதும் விளங்கும். ஆகவே மூடியில் வெண்மை கண்டவுடன் அஞ்சியோடுதலும் வேண்டா. கண்டும் காணாதிருத்தலும் வேண்டா. குறியை நோக்கி, காரணத்தைத் தெளிந்து, அதன்பின் செலவைத் துணிக. பிரித்துப் பார்த்துக் கற்ற நாயுடு அவர்களின் ஊரில், பிரிக்க வேண்டாத இடத்தை அறிதலும் ஒரு கல்வியே. நெய் காய்ச்சும் தாயார் அடுப்பின் ஒலியடங்கும் வரையிற் காத்து நிற்கும் பொறுமையை நாமும் கைக்கொள்வோமாயின், நம் தந்தையர் தந்த வண்டிகள் நம் மக்களையும் சுமந்து செல்லும் என்பது ஒருதலை.